காய்ப்பு ஆண்டும் ஓய்வு ஆண்டும்: வளவு மரங்களின் விளைச்சல் ஏன் மாறுகிறது?

நெல்லின் விளைச்சல் குறைந்துவிட்டால் அதற்குரிய காரணத்தைக் கமக்காரர் பெரும்பாலும் அந்தப் போகத்துக்குள்ளேயே தேடிக் கண்டுகொள்வர். விதைப்பு மழை பிந்தியது, குடலைப் பருவத்தில் குளத்து நீர் போதவில்லை, கதிர் வந்தபின் அறக்கொட்டி விழுந்தது என்று அவர்கள் கூறும் காரணம் எதுவாயினும், அது விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்குள் அடங்கியிருக்கும். மிளகாய், வெங்காயம், கத்தரி ஆகியவற்றின் கணக்கும் இதுவே. வெட்டு முடிந்ததும் பழைய கணக்கு முடிகிறது. அடுத்த போகம் புதுக் கணக்கு.

அதே கமக்காரரின் வளவில் நிற்கும் மாமரமும் தென்னையும் இவ்வழக்கத்துக்கு அமைவன அல்ல. சென்ற ஆண்டு கிளை முறியக் காய்த்த மாமரம் இவ்வாண்டு இலையும் தழையுமாக வெறுமனே நிற்கும். நல்ல மழை பெய்து வயல் நிறைந்த ஆண்டிலே தென்னையிற் காய் குறைந்திருக்கும். இதனைக் கண்டு, நாவூறு பட்டுவிட்டது என்பாரும், மரம் மலடாகிவிட்டது என்பாரும், அயல் வளவுக்காரர் கிணறு வெட்டியதால் வேர் காய்ந்துவிட்டது என்பாரும் உளர். சிலர் கோடரியை எடுத்துவிடுகின்றனர். வேறு சிலர் மரத்தின் மீது நம்பிக்கை இழந்து, கேட்ட விலைக்கு வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுகின்றனர். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு மாமரத்துப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறு நட்டம் அன்று.

இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் தவறானவை. மரம் தன் கணக்கை ஆண்டு முடிவில் மூடிவிடுவதில்லை. முன்னைய ஆண்டின் மிச்சமும் கடனும் இவ்வாண்டின் ஏட்டிலே வந்து சேருகின்றன. இவ்வாண்டுக் காய்ப்பிற் பெரும்பங்கு, இவ்வாண்டு பிறக்குமுன்னரே நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால், எந்த மரத்தை வைத்திருப்பது, எப்போது குத்தகை பேசுவது, எப்போது நீரும் பசளையும் இடுவது என்பனவற்றைக் கமக்காரர் தாமே தீர்மானிக்கலாம்.

மாமரத்தின் கணக்கு

மாமரம் ஆண்டு முழுவதும் இடையறாது வளர்வதில்லை. அது அலையலையாகத் தழைக்கும். முதலிற் செப்பு நிறக் கொழுந்து தோன்றும். அது இளம்பச்சையாகிப் பின்னர் கரும்பச்சையாகித் தடிப்பேறும். பூந்துணர் தோன்றுவது இவ்வாறு முற்றிய கிளைநுனியிலேதான். தளிர் விட்டு நான்கைந்து மாதங்களாவது ஓய்ந்திருந்த நுனியே நன்றாகப் பூக்கும் இயல்புடையது. மாரி மழை ஓய்ந்தபின் வரும் உலர்வும், வாடைக்காற்றுக் காலத்தின் குளிர்ந்த இரவுகளும் அந்நுனியைப் பூக்கத் தூண்டுகின்றன. இளந்தளிருக்கு அதே குளிரும் உலர்வும் கிடைத்தாலும் அது பூப்பதில்லை, இலையாகவே இருந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மா பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களிற் பூத்து, சித்திரைக் கடைசி முதல் ஆடி வரையிற் பழுக்கிறது. காய் தாங்கிய கிளை, காய் பறிக்கப்படும் வரையிற் புதுத்தளிர் விடுவது அரிது. பறித்தபின்னரும் அது களைத்திருக்கும், வெயிலும் கடுமையாயிருக்கும், மண்ணில் ஈரம் இராது. ஆகவே அக்கிளை ஐப்பசி மழை விழும்வரை வாளாவிருந்து, மழை கண்டதும் தழைக்கும். ஐப்பசியில் விட்ட தளிர் மார்கழியில் இரண்டு மாத வயதையே அடைந்திருக்கும். அது பூக்கும் வயது அன்று. இதற்கு மாறாக, சென்ற பருவத்திற் காய்க்காதிருந்த கிளை பங்குனி, சித்திரையிலேயே தளிர் விட்டு, ஆவணிக்குள் முற்றி, மார்கழிக்குக் காத்திருக்கும். சென்ற ஆண்டு மரம் முழுவதும் காய்த்திருந்தால் இவ்வாண்டு மரம் முழுவதும் ஓய்வு. பாதி மரம் காய்த்திருந்தால் மற்றப் பாதி இவ்வாண்டு காய்க்கும். கிழக்குப்புறக் கிளைகள் ஓர் ஆண்டும் மேற்குப்புறக் கிளைகள் மறு ஆண்டுமாகக் காய்க்கும் மரங்களைப் பலர் கண்டிருப்பர்.

தளிரின் வயது ஒன்றே காரணம் அன்று. இலைகள் ஆக்கிய மாப்பொருளின் ஒரு பகுதியை மரம் தண்டிலும் வேரிலும் சேமித்து வைக்கிறது. பெருங்காய்ப்பு அச்சேமிப்பைக் கரைத்துவிடும். மேலும், வளரும் காயின் விதையில் உண்டாகும் கிபரலின் என்னும் ஓமோன் பூ அரும்புவதைத் தடுக்கும் தன்மையது. காய் மிகுந்தால் விதை மிகும். விதை மிகுந்தால் இத்தடையும் மிகும். அப்பிள், ஒலிவம், பிஸ்தா ஆகிய பிறநாட்டு மரங்களும் இவ்வாறே ஒன்றுவிட்ட ஆண்டு காய்ப்பன. ஆகவே இது நமது மண்ணின் குறையும் அன்று, நமது மரத்தின் நோயும் அன்று.

இனத்துக்கு இனம் இவ்வியல்பு கூடியும் குறைந்தும் காணப்படும். இந்தியாவின் தசரி, லங்கரா, அல்போன்சோ ஆகியவை ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பதற்குப் பேர் போனவை. நீலம் என்னும் இனமோ ஆண்டுதோறும் ஓரளவு ஒழுங்காகக் காய்ப்பது. இக்காரணம்பற்றியே புதுடில்லி ஆராய்ச்சியாளர் தசரியையும் நீலத்தையும் கலந்து, ஆம்ரபாலி, மல்லிகா என்னும் இனங்களை 1970களில் உருவாக்கினர். நமது வறள் வலயத்துக்கு உகந்த கறுத்தகொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விளாட்டு, செம்பாட்டான் ஆகியனவும் தம்முள் ஒரே விதமாய்க் காய்ப்பனவல்ல. புதிதாகக் கன்று நடுவோர் ஓரின மரத்தையே வளவு முழுவதும் நடாது இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நட்டால், ஒன்று ஓய்ந்த ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும். சுவைக்குக் கறுத்தகொழும்பானை விஞ்சியது இல்லை என்போர் அதனையே நடுவர். அதிற் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதனை மட்டும் நட்டுவிட்டு ஆண்டுதோறும் ஒரே அளவு பணத்தை எதிர்பார்த்தல் தகாது.

இங்கு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். ஓர் ஊரிலுள்ள மரங்கள் எல்லாம் ஒரே ஆண்டிற் காய்த்து ஒரே ஆண்டில் ஓய்வது ஏன்? மரங்கள் தம்முட் பேசிக்கொள்வதில்லை. தை மாதத்தில் அகாலமாக ஒரு பெருமழை பெய்து ஊர் முழுவதும் பூவை உதிர்த்துவிட்டால், அவ்வாண்டு எல்லா மரங்களும் ஒன்றாக ஓய்வு பெறுகின்றன. மறு ஆண்டு எல்லாம் ஒன்றாகக் காய்க்கின்றன. அதற்கு மறு ஆண்டு ஒன்றாகக் களைக்கின்றன. ஆகவே காய் மிகுந்த ஆண்டிற் சந்தையில் விலை இறங்குவதும், விலை ஏறிய ஆண்டில் நம் மரத்திற் காய் இல்லாதிருப்பதும் தற்செயலான தீவினை அன்று. அயலவரின் மரங்களுக்கு மாறாகக் காய்க்கும் மரம் ஒருவரிடம் இருக்குமாயின் அதனை அவர் பொன்போற் போற்றுதல் வேண்டும்.

பூத்தபின் நேரும் இழப்பு

நன்றாகப் பூத்த ஆண்டிலும் காய் இல்லாமற் போவதுண்டு. இது மேற்கூறிய ஓய்வினின்றும் வேறானது. இதனை அதனோடு கலந்து மயங்கலாகாது. மாவின் ஒரு பூந்துணரில் பல நூறு முதற் சில ஆயிரம் வரை பூக்கள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காயாகக்கூடிய பூக்களிலும் மிகச் சிலவே பிஞ்சாகின்றன. பிஞ்சானவற்றிலும் பல உதிர்கின்றன. நூறு பூவில் ஒன்றுகூடப் பழமாவதில்லை என்பதே இயற்கை. மரத்தடியிற் பிஞ்சு கொட்டிக் கிடப்பதைக் கண்டு உடனே மருந்து தேடி ஓடவேண்டியதில்லை.

ஆனால் பூந்துணரே கறுத்துக் கருகினால் அது அந்திரக்னோசு என்னும் பங்கசு நோயாகலாம்; பூக்காலத்து மழையும் ஈரப்பனியும் அதற்கு வாய்ப்பளிக்கின்றன. பூவின்மேல் வெண்மாத் தூவியது போலத் தோன்றினால் அது தூள் பூஞ்சண நோய். இலைகள் பிசுபிசுத்துப் பின்னர் கரிபடிந்தது போலானால் அது மாத் தத்தியின் வேலை. இவற்றுக்கெல்லாம் முதற் பரிகாரம், நெருங்கி அடர்ந்த கிளைகளை அறுவடைக்குப் பின் நீக்கி, மரத்தினுள் வெளிச்சமும் காற்றும் புகச் செய்தலே. மருந்து தெளிப்பதாயின் பூ மலர்வதற்கு முன்னரே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளித்தல் வேண்டும். பூ விரிந்து நிற்கும்போது பூச்சிநாசினி தெளிப்பது பெருங்கேடு. மாவின் மகரந்தத்தை ஏந்திச் செல்பவை ஈக்களும் தேனீக்களுமே. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் குறைந்தது என்று வருந்துவதிற் பயனில்லை.

வைகாசி பிறந்ததும் வீசும் சோழகக் காற்றைப்பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் அதனை நன்கு அறிவர். காற்றுப் புறத்தில் வேலியோரம் உயர்ந்த மரங்களை நிறுத்தியோர் இழப்பது குறைவு.

ஓய்வாண்டு வைத்தியங்கள்

மரம் காய்க்காத ஆண்டில் அதற்குப் பலவித வைத்தியங்கள் செய்யப்படுகின்றன. அடிமரத்தில் ஆணி அறைவர். கத்தியால் வரிவரியாகப் பட்டையைக் கொத்துவர். வேரைக் கிளறி உப்பு இடுவர். கோடரியைக் காட்டி மரத்தை வெருட்டுவோரும் உண்டு. மறு ஆண்டு மரம் நிறையக் காய்க்கிறது. உடனே ஆணியின் புகழ் ஊரெங்கும் பரவுகிறது.

சற்றுச் சிந்தித்தால் உண்மை புலனாகும். ஆணி அறையப்பட்டது ஓய்வாண்டிலே. ஓய்வாண்டுக்கு அடுத்தது காய்ப்பு ஆண்டு. ஆணி அறையாவிட்டாலும் அம்மரம் காய்த்தேயிருக்கும். காய்த்து நிற்கும் மரத்துக்கு ஒருவரும் ஆணி அறைவதில்லை. அறைந்து பார்த்தால், மறு ஆண்டு அது காய்க்காதிருப்பதைக் கண்டு, ஆணியே மரத்தைக் கெடுத்தது என்பர். ஒரு முறையின் பயனை அறிய வேண்டுமானால், ஒரே இனமும் ஒத்த வயதும் உடைய இரு மரங்களுள் ஒன்றுக்குச் செய்து மற்றதை விட்டுவைத்து, குறைந்தது நான்கு ஆண்டுகள் இரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடையிற் போத்தலில் விற்கப்படும் ‘பூப்பிக்கும் மருந்து’களுக்கும் இவ்விதியே பொருந்தும். ஓய்வாண்டில் வாங்கித் தெளித்தவர் எல்லோரும் மறு ஆண்டு அம்மருந்தைப் புகழ்வர்.

பட்டையைச் சிறிது வெட்டுவதால் மாப்பொருள் வேருக்கு இறங்காது மேலே தங்கிப் பூப்பதற்கு உதவக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் வெட்டு ஆழமானால் மரம் பட்டுப்போகும். வெட்டுவாயிற் பூச்சியும் பங்கசும் புகும். வளவில் ஒன்றிரண்டு மரங்களையே வைத்திருப்பவர் இதனை முயலுதல் நன்றன்று.

முற்றிய நுனிகளைப் பூக்கச் செய்யும் உண்மையான வழிகளும் உண்டு. பிலிப்பைன்சு நாட்டார் மரத்தின் கீழ் நாட்கணக்கிற் புகை மூட்டி மாவைப் பூக்கச் செய்துவந்தனர். புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே இதற்குக் காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ரமோன் பார்பா, பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலைத் தெளித்து அதே பயனைப் பெறலாம் என்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். இவ்விரு முறைகளும் முற்றிய தளிர் உள்ள மரத்திலேயே பலிக்கும்; எல்லா இனத்திலும் பலிப்பதில்லை. ஐப்பசித் தளிர் போர்த்து நிற்கும் மரத்துக்கு எதைத் தெளித்தாலும் வீண். மண்ணில் இடப்படும் பக்லோபியூட்ரசோல் என்னும் மருந்து தளிர் வளர்ச்சியைத் தடுத்துப் பூவைத் தூண்டுவது. ஆனால் அது மண்ணில் நெடுங்காலம் தங்குவது. மரத்தின் அருகே மரக்கறி செய்வோர் அதனைத் தாமாக வாங்கி இடுதல் கூடாது. அடுத்த பயிரின் வளர்ச்சி குன்றிவிடக்கூடும்.

தோட்டத்து ஓரத்து மாமரம்

வெங்காயத் தறையின் ஓரத்திலும் மிளகாய்த் தோட்டத்து வரம்பிலும் நிற்கும் மாமரம் பெரும்பாலும் செழித்து, அடர்ந்து, கரும்பச்சையாகக் காட்சி தரும்; காய்ப்பதோ குறைவு. ‘இவ்வளவு எருவும் நீரும் குடித்தும் காய்க்கவில்லையே’ என்று தோட்டக்காரர் குறைகூறுவர். குடித்ததே குற்றம். கார்த்திகை முதல் தை வரை நீரும் நைதரசனும் இடையறாது கிடைக்கும் மரம் மேலும் மேலும் தளிர் விடுமேயன்றி ஓய்வதில்லை. ஓயாத நுனி பூப்பதில்லை. மாமரத்துக்காக வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சாதிருக்க ஒருவராலும் இயலாது. ஆனால் மரத்தின் கிளைநுனி நிழல் விழும் வட்டத்துக்குள் அம்மாதங்களிற் பாத்தி கட்டாது விடலாம். யூரியா இடும்போது அவ்வட்டத்தைத் தவிர்க்கலாம்.

நீரும் பசளையும் மாவுக்கு வேண்டிய காலம் வேறு. காய் பறித்து முடிந்த உடனே, ஆடி மாதம் கழியுமுன், காய்த்த கிளைநுனிகளிலே காய்ந்து தொங்கும் பழைய பூங்காம்புகளை ஓரிரு சாண் கிளையுடன் சேர்த்து வெட்டிவிடுக. எருவையும் ஆண்டுப் பசளையின் பெரும்பகுதியையும் அப்போதே, அடிமரத்தை ஒட்டியன்று, கிளைநுனி நிழல் வட்டத்திலே வெட்டிய ஆழமற்ற காணில் இட்டு மூடுக. கிணற்றில் நீர் உள்ளவர் இரண்டு மூன்று முறை நன்றாக நனைப்பாராயின், ஐப்பசிவரை காத்திராது ஆவணியிலேயே தளிர் தோன்றும். ஆவணித் தளிர் தை மாதத்தில் ஐந்து மாத வயதுடையது. மாமரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்குக் கமக்காரர் கையிலுள்ள வழிகளுள் இதுவே தலையாயது. சோம்பலால் மரத்திலே காயைப் பழுத்துக் கிடக்கவிட்டுப் பறிப்பைப் பிற்போடுவோர் அடுத்த ஆண்டின் காயையும் சேர்த்தே இழக்கின்றனர்.

சிறிய ஒட்டு மரமாயின், மிகுதியாகப் பூத்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்குப் பூந்துணர்களைக் கிள்ளிவிடலாம். வரும் காய் பெரிதாகும். அடுத்த ஆண்டுக்குச் சில நுனிகள் மிஞ்சும். அப்பு ஆச்சி காலத்துப் பெருமரங்களில் ஏறி இதனைச் செய்வது நடவாத காரியம். அவற்றை அவற்றின் போக்கிலே விட்டு, கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுதல் போதும்.

தென்னை

தென்னையின் கணக்கு இன்னும் நீண்டது. தென்னை ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு முதற் பதினான்கு ஓலைகள் வரை விடுகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை. பாளை வெடித்துத் தேங்காய் முற்றுவதற்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு மாதங்கள் செல்லும். ஆனால் அப்பாளையின் முளை குருத்தினுள்ளே உருவானது, அது வெடிப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் முன்னராகும். ஆகவே இன்று பறிக்கும் தேங்காயின் கதை மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியது. இக்காலத்தில் எப்போது கடும் வறட்சி வந்தாலும் அது ஏட்டிற் பதிந்துவிடும்: முளைப் பருவத்திலாயின் பாளை சிறுக்கும், பெண்பூக் குறையும், பாளை வெடித்தபின்னராயின் குரும்பை உதிரும், இன்னும் பிந்தினால் காய் சிறுத்துப் பருப்புக் குறையும்.

நாட்டின் கணக்கிலே இதனைத் தெளிவாகக் காணலாம். 2016ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவ மழை பொய்த்தது. நெல் அதனை உடனே காட்டிற்று: 2016/17 பெரும்போக விளைச்சல் அதற்கு முந்திய பெரும்போகத்தின் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. தென்னையோ 2016இல் இலங்கை முழுவதும் சுமார் 301 கோடி காய் தந்திருந்தது. 2017இல் அது சுமார் 245 கோடியாகக் குறைந்தது. 2018இல் 262 கோடியளவே. 2019இலேதான் 300 கோடியைத் தாண்டிற்று. வயலில் அடுத்த போகத்துக்கு மழை வந்தால் வறட்சி மறக்கப்படும். தென்னை அவ்வளவு விரைவில் மறப்பதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், தென்னைக்குப் பசளை இட்ட பயனையும் அதே ஆண்டில் எதிர்பார்க்கலாகாது என்பதே. ஓர் ஆண்டு இட்டுப் பார்த்து, காய் கூடவில்லை என்று மறு ஆண்டு நிறுத்தியவர், பயன் வரும் வேளையிலே கைவிட்டவர் ஆவர். காய் எண்ணிக்கை ஒழுங்காக ஏறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். பசளைக்குப் பணம் இல்லாத ஆண்டிலும் ஈரத்தைக் காப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. தேங்காய்ப் பொச்சைக் குழியிற் படைபடையாக அடுக்கி மண்ணிட்டு மூடினால், அது மாரி மழையை உறிஞ்சி வைத்திருந்து கோடையிற் கொடுக்கும். காய்ந்த ஓலையை எரிக்காது மரத்தைச் சுற்றிப் பரப்புதலும் நன்று. இவை லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் முறைகள்.

வறட்சியின்றியே குரும்பை உதிர்ந்தாலும், காயின் தோல் வெடித்துக் கபில நிறத் தழும்பு ஏறியிருந்தாலும் சிற்றுண்ணியின் தாக்கத்தை ஐயுறல் வேண்டும். 1997ஆம் ஆண்டின் இறுதியிற் கற்பிட்டியில் முதலிற் காணப்பட்ட இவ்வுண்ணி பின்னர் வேறு பகுதிகளுக்கும் பரவியது. அதனைப் பருவத்தின் ஏற்ற இறக்கம் என்று எண்ணிவிடலாகாது.

மரமுந்திரிகையும் தேசியும் பலாவும்

மரமுந்திரிகை மாரி மழையின் பின் தளிர்த்து, அத்தளிர் நுனியிலேயே பூக்கிறது. பூத்து இரண்டு மாதமளவிலே கொட்டை முற்றிவிடும். ஆதலின் சேமிப்பின் கணக்கைவிட அந்த இரண்டு மூன்று மாதத்து வானிலையே இதிற் பெரிது. தை, மாசியில் வானம் வெளித்து உலர்ந்திருந்தால் விளைவு நன்று. அகால மழை பெய்தாற் பூ கருகும். தளிரையும் பூவையும் குத்திக் கருகச் செய்யும் தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப் பூச்சியும் அக்காலத்திலேதான் பெருகுகிறது. மன்னார், புத்தளம், மட்டக்களப்புப் பகுதிகளில் இம்மரத்தை நம்பியிருப்போர், ஓர் ஆண்டுக் கொட்டையை அடுத்த ஆண்டின் கடனுக்கு ஈடாகப் பேசாதிருத்தல் நலம்.

தேசியின் இயல்பு இதற்கு மறுதலை. அது வாடி, பின் நனைந்தாற் பூக்கும். நீண்ட வெயிலின் பின் வரும் முதல் மழைக்குத் தேசி பூத்துக் குலுங்குவதை அனைவரும் அறிவர். கிணற்றடியில் எந்நாளும் ஈரத்தில் நிற்கும் தேசி அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காய்க்கும்.

பலா அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் காய்ப்பது. மாவைப் போல நுனித்தளிரை நம்பியிருப்பதில்லை. எனினும் அதுவும் காய் குறைந்த ஆண்டுகளைக் காண்பதுண்டு. அதற்காகத் தறிக்க எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது: பலா, ஈரப்பலா போன்ற மரங்களை அனுமதிப்பத்திரம் இன்றித் தறித்தல் சட்டத்துக்கு மாறானது.

குத்தகை பேசுமுன்

மாமரத்தைப் பூவிலே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி பல ஊர்களிலே பல மரங்களை எடுக்கிறார். ஒரு மரம் பொய்த்தால் இன்னொன்று ஈடு செய்யும். அவர் பார்ப்பது பல மரங்களின் சராசரி. வளவுக்காரரிடம் இருப்பதோ இரண்டு மரம். அவர் பார்ப்பது சென்ற ஆண்டை மட்டும். இப்பேச்சில் எவர் கை ஓங்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு மரம் ஐந்து ஆண்டுகளில் முறையே 1,200, 150, 900, 300, 950 காய்கள் தந்தது எனக் கொள்வோம். மொத்தம் 3,500, சராசரி ஆண்டுக்கு 700. 150 காய்த்த ஆண்டின் முடிவில் மனம் சோர்ந்து, மூன்று ஆண்டுக் குத்தகையை அந்த 150ஐ மனத்திற்கொண்டு பேசினவர், அடுத்த மூன்று ஆண்டுகளின் 2,150 காயையும் மலிவாகக் கொடுத்தவராவர். 1,200 காய்த்த ஆண்டின் முடிவில் அதே மரத்தைக் காட்டி அடுத்த ஆண்டுக்குப் பெருந்தொகை கேட்பவருக்கோ குத்தகைகாரர் கிடைக்கமாட்டார். அனுபவமுள்ள வியாபாரி கிளைநுனியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பல ஆண்டுக் குத்தகை பேசுவதாயின் இரட்டைப்படை ஆண்டுகளுக்குப் பேசுக. அப்போது காய்ப்பு ஆண்டும் ஓய்வு ஆண்டும் சமமாக அடங்கும்.

கிளைநுனியை வியாபாரி மட்டும் பார்க்கவேண்டும் என்பதில்லை. கார்த்திகை நடுப்பகுதியில், மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், மரத்தின் நான்கு புறத்திலும் எட்டும் உயரத்தில் இருபத்தைந்து நுனிகளாக நூறு நுனிகளை எண்ணுக. தடித்த கரும்பச்சை இலையுடன் மொட்டுக் கொழுத்து நிற்பவை எத்தனை, செப்பு நிறமோ இளம்பச்சையோ கொண்டவை எத்தனை என்று குறித்துக்கொள்க. முற்றியவை அறுபது எழுபது இருந்தால் நல்ல பூவை எதிர்பார்க்கலாம். இருபதுக்குக் குறைந்தால் இது ஓய்வாண்டு. இஃது ஒரு மதிப்பீடேயன்றி உறுதிமொழி அன்று. தை மழை எதையும் மாற்றிவிடும். ஆயினும் சில ஆண்டுகள் எண்ணிவந்தால், உங்கள் மரத்துக்குரிய அளவு இதுவென உங்களுக்கே தெரியவரும்.

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த எண்ணிக்கையையும், பூத்த திகதியையும், பூக்காலத்தில் மழை பெய்த நாட்களையும், பறித்த காய்களின் தொகையையும், விற்ற விலையையும், பசளை இட்ட மாதத்தையும் எழுதிவைக்கவும். தென்னைக்கு ஒவ்வொரு பறியின் எண்ணிக்கை போதுமானது. ஆறு ஆண்டுகளின் பின், அயலிலுள்ள அதே இன மரங்கள் காய்த்த ஆண்டுகளிலும் காய்க்காது நின்ற மரம் எதுவென அப்பக்கங்களே காட்டும். அம்மரத்தையும் தறிப்பதற்கு முன், அதன் கிளையில் நல்லினம் ஒன்றை ஒட்டி இனம் மாற்ற முடியுமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் அக்கொப்பியைக் காட்டிக் கேட்கவும்.